பேர் சொல்லாத ஆற்றங்கரைச் சனமும் என் தம்பியும்

லண்டனில் நான் துப்பரவு வேலைக்குப் போன ஒரு வீட்டில், நான் ‘ஓம்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரி ஒரு கணம் கண்ணை மூடித் திறப்பார். குப்பைப்பையை வெளியில் வைத்தாயிற்றா என்று கேட்பார், ஓம் என்பேன், கண் மூடும். மாடிப்படி கூட்டியாயிற்றா, ஓம், திரும்பவும் கண் மூடும். எனக்கு ‘யெஸ்’ தெரியாமலில்லை. ஆனால் யெஸ்ஸை நான் தேடி எடுக்குமுன்னம் ஓம் தானாக வாயில் வந்து விழுந்துவிடும். என் சுபாவம் உங்களுக்குத் தெரியாது. ஒன்றைக் கண்டால் அதற்குப் பின்னால் பத்துப் பயம் எனக்கு வரும். வாய் மணக்கிறதோ என்று பயந்து, செவ்வாயும் வெள்ளியும் அந்த வீட்டுக்குப் போகுமுன்னம் நான் குடியிருந்த நோர்பரியின் பஸ்தரிப்பில் நின்று கராம்பு சப்பினேன். வெங்காயத்தை விட்டேன். அப்படியும் கண் மூடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மாதம் போனபிறகு ஒருநாள் அவர் மெல்லக் கேட்டார், பதில் சொல்லுமுன் நீ எந்தத் தெய்வத்தை நினைக்கிறாய் என்று. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரித்த சிரிப்பில் தும்புத்தடி கையைவிட்டு விழுந்தது. எங்கள் யாழ்ப்பாணத்தில் கோழி களவெடுத்தவனிடம் களவெடுத்தாயா என்று கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வான், அது வெறும் ஆமாம்தான் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவரும் நன்றாகச் சிரித்தார். சிரித்துவிட்டு அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அவர் பேர் ஹெலன். வாசல் தகட்டில் டொக்டர் என்று இருந்தது. டொக்டர் என்றால் எனக்கு வருத்தம் பார்க்கிறவர்தான். எனவே முதல் கிழமையே என் வயிற்றெரிவைப் பற்றி விபரமாகச் சொன்னேன், எப்போது தொடங்குகிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது, தோசைக்கும் பாணுக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம். அவர் கவனமாகக் கேட்டு முழுவதையும் எழுதினார். மருந்து மட்டும் தரவில்லை. பிறகுதான் அறிந்தேன், அவர் சனங்களைப் படிக்கிற டொக்டர். மானிடவியல் என்று தமிழில் சொல்வதாகப் பின்னாளில் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்தார். எட்டாம் வகுப்போடு பேக்கரியில் மாக்குழைக்கப் போனவன் நான். சனத்தைப் படிக்கவும் ஒரு படிப்பு இருக்கிறதென்று எனக்கு யார் சொல்வார்கள்? எங்கள் ஊரில் அந்த வேலையைச் சும்மா செய்தார்கள்.

அவர் படித்த சனத்துக்கு யூரோக் என்று பேர். அமெரிக்காவின் மேற்குக் கரையில், கிளமத் என்ற ஆறு கடலோடு சேருகிற இடத்திலும் ஆற்றங்கரை நீளத்துக்கும் இருக்கிற பழைய குடிகள். சல்மன் மீன்தான் அவர்களுக்குச் சோறு. ஹெலன் தன் இளவயதிலிருந்து வருசாவருசம் அங்கே போய்வந்தவர். வீடு நிறைய அவர்கள் பின்னிய கூடைகள், பெட்டி பெட்டியாகக் கசெற்றுகள். தூசு தட்டிக்கொண்டு போகும்போது அவர் பின்னால் வந்து கதை சொல்வார். ஆற்றுக்கு மேலே உயரத்தில் அவர்களுக்கு ஒரு மலை இருக்கிறது. நோய் தீர்க்கிற பெண்கள் அங்கே தனியே போய் இருந்துதான் பலம் வாங்கி வருவார்களாம். கோயில் இல்லை, கோபுரம் இல்லை, கல்லும் காற்றும் மட்டும். எண்பதுகளில் அந்த மலைக்குக் குறுக்கே மரம் ஏற்றுகிற லொறிகளுக்கு றோட்டுப் போட வந்தார்கள். கும்பிடுகிற இடங்களைச் சுற்றிக் கொஞ்சம் மரத்தை விட்டுவிடுகிறோம், பிறகென்ன என்றார்களாம். வழக்கு அந்த நாட்டின் ஆகப்பெரிய நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. ஆனாலும் மலைக்குக் குறுக்கேயான அந்தத் துண்டு றோட்டு போடப்படாமலே நின்றுபோனது. ‘அந்த மலையை வேறு இடத்தில் வைக்க ஏலாது, அதை நீதிபதிக்கு எப்படி விளக்குவது?’ என்று ஹெலன் என்னிடம் கேட்பார், நான்தான் நீதிபதிபோல.

எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு பலாலி முகாமுக்கு அண்டின எங்கள் ஊரை ஆமி எடுத்துக்கொண்டது. அம்மா ஒரு உரப்பையோடு வெளிக்கிட்டு மானிப்பாயில் ஒரு வீட்டு விறாந்தையில் போய் இருந்தா. கோயிலும் கிணறும் கம்பிவேலிக்கு அங்காலே. நான் எண்பத்தாறிலேயே லண்டன் வந்துவிட்டேன். தம்பி அம்மாவோடு நின்றான். அவன் படித்தவன், சோதினை பாஸ் பண்ணினவன், என்னைப்போல் அல்ல. ஊர் போனதும் நான்தான் பயந்து, அவனை வெளிக்கிடு வெளிக்கிடு என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். அவனுக்கு விருப்பமில்லை. அம்மாவைக் கொண்டு சொல்லுவித்தேன். ஏஜென்சிக்காரனின் வழியில் ஐரோப்பாவுக்குள் வந்தவன், அடுத்த மாரியில், இரண்டு நாட்டுக்கு நடுவே ஓடுகிற ஒரு ஆற்றை நடந்து கடக்கும்போது போய்விட்டான். அவனோடு இறங்கினவர்களில் ஒருவர் ஜெர்மனியிலிருந்து போன் எடுத்துச் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. எந்த நாட்டுப் பொலிசிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

அம்மாவுக்கு நான் அறிவிக்கவில்லை. முதலில், விறாந்தையில் இருக்கிற மனிசிக்கு இப்போது வேண்டாம், ஒரு இடம் கிடைத்து இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவவின் கடிதம் வந்தது, தம்பி வந்து சேர்ந்துவிட்டானா என்று. வந்துவிட்டான் என்று எழுதினேன். ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற அடுத்தடுத்து அவனாக இருந்து கடிதம் எழுதவேண்டி வந்தது. அவன் எழுத்து இடப்பக்கம் சரியும். அதைப் பழகினேன். பெரிய கஸ்டம் எழுத்தில் அல்ல, பிழையில். அவன் ழகரமும் ளகரமும் பிழைக்காதவன். நான் ‘கிழமை’யைக்கூட மாறி எழுதுகிறவன். அப்டன் பார்க்கில் ஒரு கடையில் தமிழ் அகராதி வாங்கி, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து அவன் கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதுவேன். பிறகு அதே உறைக்குள் என் கடிதத்தை வழமையான பிழைகளோடு எழுதி வைப்பேன். கொழும்புக்குப் போகிற ஆட்களின் கையில் அது போகும். யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தால் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அந்த மாதங்களில்தான் எனக்கு நிம்மதி.

இதை நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரே அறையில் இருந்த பெடியளுக்கும் தெரியாது. அவன் பேரையே சொல்வதை விட்டேன். சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, ஹெலன் ஒரு கசெற்றைப் போட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு யூரோக் கிழவி தன் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறா. எனக்குப் பாதிதான் விளங்கியது. திடீரென்று அவவின் குரல் நின்றுவிட்டது. நீண்ட நேரம் ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. கசெற் நாடா அறுந்துவிட்டதாக்கும், நான்தான் தூசு தட்டும்போது ஏதோ செய்துவிட்டேனாக்கும் என்று பதறிப்போனேன். ஹெலன் கையைக் காட்டினார், பொறு என்று. பிறகு சொன்னார், அந்த இடத்தில் கிழவி தன் செத்துப்போன புருசனின் பேரைச் சொல்லவேண்டும், ஆனால் சொல்லமாட்டா, அவர்களின் வழக்கம் அது. செத்தவர் பேரை உறவுக்காரர் முன்னால் ஒருவர் சொல்லிவிட்டால் அது பெரிய குற்றம், சொன்னவர் அந்தக் குடும்பத்துக்குத் தெண்டம் கட்டியே தீரவேண்டும். ‘இருபது வருசமாக நானும் அந்தப் பேரைச் சொன்னதில்லை, எழுதினதுமில்லை,’ என்றார்.

வாசிக்கிற உங்களுக்கு இது எப்படிப் படுமோ தெரியாது. எனக்குப் பட்டது இது. உலகத்தின் மற்றக் கரையில் ஒரு சனம் முழுவதும் நான் செய்துகொண்டிருப்பதைச் செய்கிறது, அதைக் குற்றமாக அல்ல, மரியாதையாகச் செய்கிறது. அதைக் காப்பாற்றத் தெரிந்த ஒரு மனிசி எனக்கு முன்னால் இருக்கிறா. நான் தும்புத்தடியைச் சாத்திவைத்துவிட்டு, அந்தக் கூடைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆற்றைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், அகராதியைச் சொன்னேன். மூன்று வருசத்தில் முதல்தடவையாக அவன் பேரை வாயால் சொன்னேன். இனி அது பத்திரமான இடத்தில் இருக்கும் என்று நம்பித்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ கேட்டார். நான் அழுதுகொண்டே ஓம், ஓம் என்றேன். நாங்கள் அப்படித்தான். ஒருவர் கதைக்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்பதற்கும் ஓம் போடுவோம். அந்த ஓம்கள் எந்தக் கேள்விகளுக்குப் போய் விழுந்தன என்று அன்று நான் யோசிக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம், நூல்நிலைய மண்டபம் ஒன்றில் யூரோக்குகளின் மலையைப் பற்றிப் பேசப்போகிறேன், நீ கட்டாயம் வா என்று ஹெலன் கூப்பிட்டார். என்னை ஒருவர் மண்டபத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல். சேர்ட்டை இரண்டுதரம் அயன் பண்ணினேன். முன்வரிசையில் இடம் வைத்திருந்தார். நாற்பது ஐம்பது பேர், அகதிகளுக்கு உதவுகிறவர்கள், படிக்கிற பிள்ளைகள், பின்னால் இரண்டு மூன்று எங்கள் ஆட்களும். ஆறு, மலை, கூடை என்று படம் படமாகக் காட்டினார். இடத்தை இழப்பதென்றால் என்ன, அதற்கு ஈடு ஏன் கிடையாது என்று பேசிக்கொண்டு வந்தவர், இது அமெரிக்காவில் மட்டும் நடப்பதல்ல, இந்த லண்டனிலேயே ஒரு தமிழர் இருக்கிறார் என்று தொடங்கினார். ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் ஊரின் பேர். கம்பிவேலிக்கு அங்காலேயுள்ள கோயிலின் பேர். பிறகு, நல்ல சுத்தமாக, ஒவ்வொரு எழுத்தையும் பழகிக்கொண்டு வந்ததுபோல், என் தம்பியின் முழுப்பேர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஒரு பரிசு தந்தவரின் சிரிப்பு அது.

முடிந்து சனம் எழும்பும்போது பின்னாலிருந்து ஒருவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். சிவகுரு மாஸ்ரர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தம்பிக்குப் படிப்பித்தவர், இப்போது வெம்பிளியில் மகளோடு இருக்கிறார். மகளின் சிநேகிதி ஒருத்தி கூட்டிவந்தாளாம். அவருடைய கண்ணெல்லாம் தண்ணீர். தம்பி, உன்ரை கொம்மா போன மாசமும் எனக்கு எழுதினவ, சின்னவன் லண்டனிலை நல்லாயிருக்கிறான், போய்ப் பாருங்கோ எண்டு எழுதினவ என்றார். நான் அவரை மண்டப மூலைக்கு இழுத்துக்கொண்டு போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன், அம்மாவுக்கு மட்டும் எழுதவேண்டாம் என்று.

“எழுதாமல் விடச் சொல்லுறியோ?”

“மாஸ்ரர், அவ தாங்கமாட்டா. கொஞ்சக் காலம் போகட்டும்.”

“மூண்டு வருசம் போட்டுது. நீ எட்டாம் வகுப்போடை நிண்டது பிழையில்லை. ஆனா ஒரு தாய்க்குப் பிள்ளை செத்ததைச் சொல்ல எத்தினையாம் வகுப்புப் படிக்கவேணும்?”

அவர் பொய் சொல்லித் தப்பவில்லை, நாளைக்கே எழுதுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவரில் எனக்குக் கோபமில்லை. கோபம் முழுவதும் மேடைப்பக்கம் நின்று படப்பெட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த மனிசியில் இருந்தது. போய் நின்றேன். இங்கிலீஸ் எல்லாம் மறந்துபோய் ஒரே ஒரு கேள்விதான் வந்தது, ஏன் பேரைச் சொன்னீர்கள் என்று. ஹெலனுக்கு முதலில் விளங்கவேயில்லை.

“ஆனால் உங்கள் ஆட்கள் சொல்கிறவர்கள்தானே?” என்றார். “நோர்பரிக் கடைக் கண்ணாடிகளில் நானே பார்த்தேன். படம், பேர், ஊர், எல்லாம் போட்டு ஒட்டியிருக்கிறது. கேட்டும் பார்த்தேன். பேரைச் சொல்லாமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு என்று சொன்னார்கள். நீங்களும் ஓம் என்று சொன்னீர்கள். நான் இரண்டு தரம் கேட்டேன்.”

பொய்யில்லை. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்கள் எங்கள் கடைக்கண்ணாடிகளில் இருக்கத்தான் செய்கின்றன. ஓம் என்றால் யெஸ் என்று படிப்பித்ததும் நான்தான். யூரோக் கிழவியின் புருசன் பேரை இருபது வருசம் நாக்கில் படாமல் வைத்திருந்தவர், என் தம்பியின் பேரைச் சொல்லலாமா என்று நோர்பரிக் கடைகளில் போய் விசாரித்திருக்கிறார். தமிழர் வழக்கம் என்னவென்று எல்லாரிடமும் கேட்டார். இந்த ஒருவன் ஏன் மூன்று வருசமாகச் சொல்லவில்லை என்று என்னிடம் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாதென்று நான் சொல்லியிருந்தேன், கேட்டு என் கையைப் பிடித்தும் இருந்தார், ஆனால் எழுதுகிறபோது நான் அவருக்கு ஒரு சனமாகிவிட்டேன். அன்று அங்கிருந்து வெளிக்கிட்டு வந்துவிட்டேன். அடுத்த செவ்வாய் வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

இரண்டு கிழமையால் அவர் நோர்பரிக்கு வந்தார். நான் இருந்த அறைக்குள் அவரைக் கண்டதும், அப்படிக் கோபம் இருந்தும், கதிரையைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். அழுதார். பிறகு பையிலிருந்து சின்ன யானைத்தந்தம்போல வளைந்த சங்குகள் கோத்த ஒரு நூலை எடுத்து மேசையில் வைத்தார். அந்தக் கிழவி தனக்குத் தந்ததாம். அவர்களின் சட்டப்படி இறந்தவர் பேரைச் சொன்னவர் குடும்பத்துக்கு இப்படிக் கட்டவேண்டும், இப்போது அதை நான் கட்டுகிறேன் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் எரிந்தது.

“டொக்டர், நான் யூரோக் இல்லை,” என்றேன்.

தெரியும், ஆனால் வேறு எப்படி என்று எனக்குத் தெரியவில்லை என்றார். அந்தக் கிழவி அதை உங்களுக்கு எவ்வளவு மதித்துத் தந்திருப்பா, அதை ஒரு நோர்பரி அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்லி, நூலைத் திருப்பிப் பைக்குள் வைத்துவிட்டேன். வாசல்வரை போய் வழியனுப்பினேன். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. மன்னித்தாயா என்று யாராவது கேட்டால், அது நாளைப் பொறுத்தது. சில நாளில், பாவம், நல்ல மனிசி என்று தோன்றும். சில நாளில் அந்த மண்டபத்தில் அவர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வரும்.

மாஸ்ரரின் கடிதம் போய் அம்மாவின் பதில் வர நாலு மாதம் எடுத்தது. அந்த நாலு மாதமும் தபால்காரன் வருகிற நேரம் நான் வீட்டில் நிற்பதில்லை. வந்தது கடிதமல்ல, ஒரு பார்சல். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து தந்தார். பிரித்தால், நான் தம்பியாக எழுதின கடிதங்கள் பதினொன்றும். அடுக்கி, சணல்நூலால் கட்டி. மேலே அம்மாவின் கையெழுத்தில் அரைப்பக்கம்.

“நீ எழுதின பிழையான கடிதங்களை மட்டும் வைச்சிருக்கிறன். பிழையில்லாததெல்லாத்தையும் திருப்பி அனுப்புறன். மூண்டு வருசம் உயிரோடை இருக்கிற பிள்ளைக்கெண்டு நேத்தி வைச்சு, செத்த பிள்ளையைப் பசியோடை விட்டிட்டன். அந்த வெள்ளைக்காரி சொல்லியிருக்காட்டி நான் செத்தும் அறிஞ்சிருக்க மாட்டன். கீரிமலைக் கடலிலை காரியம் செய்ய ஆமி எங்களை விடாது. அவனுக்குச் செய்யவேண்டியதை நீ அங்கை செய்.”

அதை எத்தனைதரம் வாசித்தேனோ தெரியாது. ஹெலன் எனக்குச் செய்தது துரோகம் என்று நாலு மாதமாக நெஞ்சில் வைத்திருந்தேன். அது துரோகம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அம்மாவின் அரைப்பக்கத்தில் அவர் பெரிதாக இல்லை. என் கெட்டித்தனம்தான் அங்கே நின்றது. அம்மா அழுவதற்கு இருந்த மூன்று வருசத்தையும் அகராதி பார்த்துப் பார்த்து நான் எடுத்துக்கொண்டேன்.

அம்மா சொன்னபடி செய்தேன். ஒரு ஞாயிறு காலை புட்னிப் பாலத்தடியில், தேம்ஸின் வடகரையில். ஐயர் வேட்டிக்கு மேலே குளிர்க்கோட்டும் காலில் சப்பாத்துமாக வந்தார். படிக்கட்டில் இலை விரித்து, எள்ளும் தண்ணீரும் எடுத்துவைத்தார். பொலிஸ் வருமோ, ஆற்றில் போட்டால் தெண்டம் அடிப்பார்களோ என்று நான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயோடு ஓடிவந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து குட்மோர்னிங் சொல்லிவிட்டுப் போனாள். ஐயர் மோதிரவிரலில் தர்ப்பையை மாட்டிவிட்டு, இறந்தவரின் பேர் என்ன, நட்சத்திரம் என்ன, எந்தத் தேசத்தில் மோட்சமானவர் என்று கேட்டார். நட்சத்திரம் சொன்னேன். தேசம் தெரியாது ஐயா, ஒரு ஆறு, ஒரு கரை ஒரு நாடு, மற்றக் கரை இன்னொரு நாடு என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, நதி என்றே சொல்லிவிடுவோம் என்றார்.

“பேர்?”

நான் மறுபடியும் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

“தம்பி, கெதியாச் சொல்லுங்கோ. தண்ணி மாறுற நேரம்.”

அவர் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன். அவர் அதை மந்திரத்துக்குள் வைத்து மூன்றுதரம் உரக்கச் சொன்னார். மூன்றாம்தரம் நானும் கூடச் சொன்னேன், ஏனென்று தெரியாது. இதில் நான் அந்தப் பேரை எழுதமாட்டேன். அம்மா வாசிப்பா, அவ அங்கே சொல்லிக்கொள்ளட்டும்.

இலையைத் தண்ணீரில் விட்டதும் ஐயர், இனித் திரும்பிப் பார்க்காமல் போகவேணும், பார்க்கப்படாது என்றார். நான் படியேறினேன். அந்த இடத்தில் தேம்ஸ் கடலோடு ஏறி இறங்குகிற ஆறு. பாதி நாள் கடலுக்கு ஓடும், பாதி நாள் கடலிலிருந்து லண்டனுக்குள் திரும்பி ஓடும். அந்த நேரம் அது எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததென்று நான் பார்த்துவைக்கவில்லை. பஸ்தரிப்பில் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கழுத்து திரும்பு திரும்பு என்று உன்னியது. பஸ் வந்தது. வழமையாக மேல்தட்டில் ஜன்னல் கரையில் இருக்கிறவன் நான். அன்று கீழேயே, கண்ணை மூடிக்கொண்டு, பாலம் கடந்து முடியும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.